பாதித் தீட்டு

பக்கத்து ஊருக்குப் போய்வந்ததையெல்லாம் பயணம் என்று எழுதுவதா என்று கேட்பவர்கள், பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாமல் திருவனந்தபுரத்தில் ஒரு மதியம் நின்று பார்க்கட்டும். நான் பேசுவது அங்கே எல்லாருக்கும் புரிகிறது. அவர்கள் பேசுவது எனக்கு முக்கால்வாசி புரிகிறது. மிச்சக் கால்வாசியில்தான் வம்பெல்லாம் இருக்கிறது.

"கரமனையா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஏறினேன். கண்டக்டர் தலையாட்டினார். வண்டி பழவங்காடியில் போய் நின்று, எல்லாரும் இறங்கி, நானும் என் பெட்டியும் மட்டும் மிஞ்சியபோது அவர் வந்து விளக்கினார்: "இது கரமனையிலிருந்து வருகிற வண்டி. நீங்கள் கரமனையா என்றுதானே கேட்டீர்கள்? போகுமா என்று கேட்கவில்லையே." மலையாளத்தில் கேட்கும்போது அது இன்னும் நியாயமாக இருந்தது. அதனாலேயே எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது. பிள்ளையார் கோயில் வாசலில் சிதறிக் கிடந்த தேங்காய்ச் சில்லுகளுக்கு நடுவே நின்று, வருகிற வண்டியையெல்லாம் மறித்து "போகுமா, போகுமா" என்று கேட்டேன்.

நான் வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரு அனல்மின் நிலையத்தில் வேலை. அவ்வப்போது மின்சாரம், அணு என்று எளிமையாக ஏதாவது எழுதுவேன். தொண்ணூறுகளின் கடைசி அது. எங்கள் பக்கத்துக் கடற்கரையில் அணுமின் நிலையம் வரப்போகிறது என்று பேச்சு பலமாக இருந்தது. கடலோர ஊர்களுக்கு அணுசக்தியின் அடிப்படைச் சொற்களை விளக்க ஒரு சின்னப் புத்தகம், மலையாளத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. சொற்களை முடிவுசெய்ய மூன்று நாள் கூட்டம். கூட்டியவர்கள் யார் என்று எழுதப்போவதில்லை. திட்டுவதற்குப் பெயர் தேவையில்லை.

தங்கியது கரமனை அக்ரஹாரத்தில், லலிதா வீட்டில். கல்லூரி விடுதியில் நானும் அவளும் ஒரே அறை. அவள் கணவர் சிவராமன் இங்கே ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறார். தமிழ்க் குழுவில் அவரும் இருந்தார். என் பெயரைக் கொடுத்ததே அவர்தான். ஏப்ரலில் அவளுக்குக் கழுத்தில் ஆபரேஷன் நடந்தது என்று கடிதம் வந்திருந்தது. பார்த்துவிட்டு வரவேண்டும் என்பதற்காகவே கூட்டத்துக்குச் சம்மதித்தேன்.

கதவைத் திறந்தது அவள் மாமியார். இடுப்பில் லலிதாவின் பையன், ஒன்றரை வயது.

"வாங்கோ, லலிதாவோட ஃப்ரெண்ட் கிரேஸாக்கும்? பஸ் கிட்டலையோ? முகமெல்லாம் வாடிப்போச்சே."

காப்பி அருமையாக இருந்தது. குடித்து முடித்ததும் மாமி மிகுந்த பிரியத்தோடு, "ஒண்ணும் நெனைச்சுக்கண்டாம், டம்ளரை அலம்பிப் பின்னாடி மாடத்துல கவுத்துடுங்கோ" என்றார். நான் ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை. கிறிஸ்தவப் பெண்ணுக்கு இந்தத் தெருவில் உள்ள மரியாதை எனக்குப் புதிதல்ல. ஆனால் அந்த மாடத்தில் ஏற்கனவே ஒரு டம்ளரும் ஒரு தட்டும் தனியாகக் கவிழ்ந்திருந்தன. நமக்கு முன்னால் யாரோ இருக்கிறார்களே என்று பார்த்தேன்.

குழந்தை கிணற்றடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டி, "தீத்து, தீத்து" என்றான். எங்கள் ஊரில் குழந்தைக்குச் சோறு ஊட்டுவதைத் தீத்துவது என்போம். மலையாளத்திலும் ஏறக்குறைய அதே வார்த்தைதான். பசிக்கிறது போல என்று பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்துக் கொடுத்தேன். அவன் அதை வாங்கி வீசிவிட்டு, மறுபடியும் அந்தப் பக்கமே காட்டினான்.

அந்தப் பக்கம் இருந்த அறையில் லலிதா இருந்தாள்.

கழுத்தில் தழும்பு, ஆள் பாதியாகியிருந்தாள். தைராய்டு சுரப்பியில் புற்றுநோய். சுரப்பியை எடுத்தாயிற்று. மிச்சம் மீதி இருந்தால் அதை அழிக்க, கதிர்வீசும் அயோடினைக் குடிக்கக் கொடுத்திருக்கிறார்கள். தைராய்டு எங்கே ஒட்டிக்கொண்டிருந்தாலும் அயோடினை ஓடிப்போய் இழுத்துக்கொள்ளும். இழுத்த அயோடின் அதை அங்கேயே சுட்டுவிடும். மருந்து உள்ளே இருக்கிறவரை கதிர் கொஞ்சம் வெளியேயும் வரும். அதனால் ஆஸ்பத்திரியில் சில நாள் தனி அறை. வீட்டுக்கு வந்த பிறகும் கொஞ்ச நாள் குழந்தையைத் தூக்கக்கூடாது. இவ்வளவும் சரியான வைத்தியம். குழந்தைக்கு முன்கூட்டியே பாலை மறக்கடித்து, எல்லாம் ஒழுங்காகத்தான் செய்திருக்கிறார்கள்.

"இன்னும் எத்தனை நாளாம்?" என்றேன்.

"டாக்டர் வச்ச கெடு ஓணத்துக்கு முன்னாடியே முடிஞ்சுதுடி."

"இப்போ நவராத்திரிக்குல்லா கொலு சாமான் விக்கான் தெருவில!"

"ஆமா" என்றாள்.

கதவுக்குப் பூட்டு இல்லை. அவள் காலைக் கட்டியும் போடவில்லை. ஆனால் சமையலறைக்குள் அவள் போவதில்லை. அவள் துணி தனிக்கொடி, அவள் தட்டு தனி மாடம். குழந்தை அவள் பக்கம் தத்தித் தத்தி வந்தால் யாராவது ஓடிவந்து தூக்கிக்கொண்டு போகிறார்கள். ஏனென்று கேட்டேன். "நாளைக்கு உங்க கூட்டத்துல தெரியும்" என்றாள். சிரித்த மாதிரி இருந்தது. நான் சிரிக்கவில்லை.

மறுநாள் கூட்டம். நீள மேசையின் ஒரு பக்கம் மலையாளக் குழு, மறுபக்கம் நாங்கள் ஆறு பேர். மலையாளக்காரர்கள் வேண்டிய இடத்தில் சமஸ்கிருதத்தைப் போட்டுவிட்டு, பத்து மணிக்கே பருப்பு வடைக்குப் போய்விட்டார்கள். நாங்கள் மக்கள் மொழி தேடினோம்.

அணு உலைக்குள் நியூட்ரான் என்ற துகள் யுரேனிய அணுவின் கருவைப் பிளக்கிறது. பிளந்ததிலிருந்து வெப்பமும் இரண்டு மூன்று புது நியூட்ரான்களும் வருகின்றன. அவை போய் அடுத்த கருக்களைப் பிளக்கின்றன. இதுதான் தொடர்வினை. புது நியூட்ரான் வேகமாக ஓடினால் பிளக்காமல் போய்விடும். வேகத்தைக் குறைக்க ஒரு பொருள் வேண்டும். இதற்கு வந்திருந்த வரைவில் "நடுவர்" என்று போட்டிருந்தார்கள். ஆங்கிலத்தில் அது மாடரேட்டர், பட்டிமன்றத்துத் தலைவருக்கும் அதே சொல்தானாம். "நியூட்ரான் என்ன, இரண்டு அணியாய்ப் பிரிந்தா பேசுகிறது?" என்று கேட்டேன். "தணிப்பான்" என்று மாற்ற ஒரு மணி நேரம் ஆனது.

அடுத்தது இன்னும் மோசம். ஒரு பிளவு சராசரியாக இன்னொரு பிளவை மட்டும் உண்டாக்கி, கூடாமல் குறையாமல் தொடர்வினை சீராக நடந்தால் அதற்கு ஆங்கிலத்தில் கிரிட்டிக்கல் என்று ஒரு சொல் உண்டு. ஆஸ்பத்திரியில் ஆள் பிழைப்பானா என்று தெரியாவிட்டாலும் அதே சொல்தான். வரைவில் இருந்தது: "அணு உலை கவலைக்கிடமானதும் மின் உற்பத்தி தொடங்கும்." கடற்கரையில் இதை எவன் கையிலாவது கொடுத்தால் அன்றைக்கே ஊரைக் காலி செய்துவிட்டுப் போவான். "மாறுநிலை" என்று எழுதச் சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டேன். பதிமுகப்பட்டை போட்டுக் காய்ச்சிய இளஞ்சிவப்புத் தண்ணீர் வந்தது. "பயப்படாதீங்க, இது கதிரியக்கம் இல்லை" என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். இந்த மாதிரிக் கூட்டங்களில் இப்படி ஒருவர் எப்போதும் இருப்பார்.

சாப்பாட்டுக்குப் பிறகுதான் அந்தச் சொல் வந்தது. கதிர்வீசும் பொருள் இருக்கக்கூடாத இடத்தில் போய் ஒட்டிக்கொள்வதற்கு என்ன பெயர்? "மாசு" என்றேன். சிவராமன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மாசுன்னா லாரிப் புகைன்னு நினைப்பா. ஜனங்களுக்கு ஒரே வார்த்தைல புரியணும். தீட்டு. எங்காத்துலயே பரீட்சை பண்ணிப் பாத்துட்டேன். என் ஒய்ஃப் ஆஸ்பத்திரிலேந்து வந்தப்போ, கதிர், டோஸ், தூரம்னு அம்மாவுக்கு ரெண்டு நாள் விளக்கினேன். ஏறலை. தீட்டும்மான்னேன். அவ்வளவுதான். தட்டு தனி, துணி தனி, கொழந்தை தனி. டாக்டரே அசந்து போயிட்டார்."

மேசையைச் சுற்றிப் பாராட்டு. "அருமை", "நம்ம மண்ணின் சொல்" என்றார்கள். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. மாடத்தில் கவிழ்ந்திருந்த இரண்டு டம்ளர்களும் கண்முன் வந்தன. எனக்குத் தெரியாத சொல்லா அது? என் தகப்பனாரின் தாய் அந்தச் சொல்லுக்குப் பயந்து தெருவின் ஓரம் மாறி நடந்திருக்கிறாள்.

"தீட்டுன்னா தொட்டாலே ஒட்டும். வெயில்ல நின்னவரைத் தொட்டா நமக்கு வெயில் ஒட்டுமா சார்? கதிர் படுறது வேற, பொருள் ஒட்டுறது வேற. இந்த ரெண்டையும் பிரிச்சுச் சொல்லத்தானே நாம வந்திருக்கோம்?"

"கிரேஸ் ரொம்ப உணர்ச்சிவசப்படறாங்க" என்றார் தலைமை தாங்கியவர். முடிவை நாளைக்கு என்று ஒத்திவைத்தார்.

கோபத்தில் நடந்து ஆரியசாலைக்குப் போய்விட்டேன். மொத்தக்கடைகளின் மூட்டைகளுக்கு நடுவே ஒரு சின்ன ஹோட்டல். இந்த ஊரில் போளியைப் பால் பாயசத்தில் முக்கிச் சாப்பிடுகிறார்கள். யார் கண்டுபிடித்தார்களோ, அவர்கள் குடும்பம் நன்றாக இருக்கட்டும். அந்தப் பத்து நிமிடம் மட்டும்தான் மூன்று நாளில் நான் யார் மேலும் கோபப்படாமல் இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த பலசரக்கு வியாபாரி எங்கள் பக்கத்துக்காரர். நான் எதற்கு வந்தேன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, "அக்கா, இந்த அணு கரண்ட் வந்தா சாயங்காலம் கட் பண்ணுறது நிக்குமா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அது ஷாக் அடிச்சா வேற மாதிரி இருக்கும்னு சொல்லுகானுவளே?"

அணு உலை செய்வதெல்லாம் தண்ணீரைக் கொதிக்க வைப்பதுதான் என்றேன். நாங்கள் நிலக்கரியை எரிக்கிறோம், அவர்கள் கருவைப் பிளக்கிறார்கள். அதற்குமேல் ஒரே கதைதான்: நீராவி, அதில் சுழலும் டர்பைன், அது சுற்றும் ஜெனரேட்டர். கம்பிக்குள் வந்துவிட்டால் எந்தக் கரண்டுக்கும் ஊர் பேர் கிடையாது.

"வெந்நி போடத்தான் இவ்வளவு பாடா!" என்றார் அவர். எங்கள் கூட்டத்தில் மூன்று நாளில் இவ்வளவு தெளிவாக யாரும் பேசவில்லை.

கரமனைக்கு வந்து சேர்ந்தபோது மின்வெட்டு. மாமி முற்றத்தில் மெழுகுவத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குழந்தை மடியில். பக்கத்தில் உட்கார்ந்து, கேட்டேவிட்டேன்.

"மாமி, டாக்டர்தான் பிள்ளையைத் தூக்கலாம்னு சொல்லிட்டாருல்லா? பின்ன ஏன் லலிதா அங்க இருக்கா?"

மாமிக்குக் கோபம் வரவில்லை. பாவம்போல என்னைப் பார்த்தார். "நான் என்ன கொடுமைக்காரியா? அவளுக்கு மருந்துக்கு முன்னாடி அயோடின் இல்லாத உப்புதான் கொடுக்கணும்னு டாக்டர் சொன்னார். சாலைக் கடைத்தெரு முழுக்க வெயில்ல அலைஞ்சு கல்லுப்பு கொண்டுவந்து பொங்கிப் போட்டது நானாக்கும். ஆனா சிவராமனே சொன்னானே. எட்டு நாள்ல பாதி போகும், அடுத்த எட்டு நாள்ல மிச்சத்துல பாதி போகும், அப்புறம் அதுல பாதி, ஒருநாளும் முழுசாப் போகாதுன்னான். தீட்டுன்னா ஒண்ணு உண்டு, இல்லைன்னா இல்லை. பத்து நாள்னா பத்து நாள், பதினோராம் நாள் குளிச்சா போச்சு. பாதித் தீட்டுன்னு எங்கேயானும் கேட்டிருக்கேளா?"

மாமியின் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. எட்டு நாளுக்கொரு தடவை பாதியாகும் அரை ஆயுள் என்ற சரியான கருத்தையும் தீட்டு என்ற தப்பான சொல்லையும் படித்த மகன் சேர்த்துக் கையில் கொடுத்திருக்கிறான். கூட்டிப் பார்த்தால் மருமகளுக்கு ஆயுள் தண்டனை வருகிறது. கதிர் என்பது அளவு. அயோடின் தானாகவும் தேய்கிறது, சிறுநீரிலும் வெளியே போகிறது. ஓர் அளவுக்குக் கீழே போனபின் மிச்சத்தைப் பற்றிக் கவலையில்லை. டாக்டர் கெடு வைத்தது அதைக் கணக்கிட்டுத்தான். தீட்டுக்கு அளவு கிடையாது.

இதை மாமியிடம் அரை மணி நேரம் சொன்னேன். கரண்டும் வந்துவிட்டது. "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா அவன் ஃபிசிக்ஸ் இல்லையோ? அவன் சொல்லட்டும்" என்றார்.

மூன்றாம் நாள் ஹர்த்தால். எதற்கு என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. பஸ் இல்லை, ஆட்டோ இல்லை, டீ இல்லை. நானும் சிவராமனும் பேசாமல் கூட்டத்துக்கு நடந்தோம். வெறும் வயிற்றோடு கோபப்படுவது சுலபம். சொல் எடுக்கப்பட்டதுமே எழுந்துவிட்டேன்.

"ஒரே கேள்வி சார். இந்தத் தீட்டு எப்ப முடியும்னு உங்கம்மா கேட்டப்ப என்ன சொன்னீங்க?"

அவர் பேனாவை மூடினார். "கணக்குப்படி அது பூஜ்யத்தைத் தொடாது..."

"நீங்களும் பூஜ்யத்தைத் தொட மாட்டீங்க. உங்க உடம்பிலயும் பிறந்ததிலிருந்து கதிரியக்கம் இருக்கு. நான் பிறந்த கடற்கரையில மண்ணே கதிர் வீசுது. அந்த மணல்ல புரண்டு வளர்ந்தவ நான், மூணு நாளா உங்க பக்கத்துல உக்காந்திருக்கேன். எல்லாரும் போய்த் தலைமுழுகுறீங்களா? அணு உலைல வேலை பாத்துட்டு ஒருத்தன் வீட்டுக்கு வருவான். அவன் பிள்ளை கட்டிப்பிடிக்கலாமா கூடாதான்னு அவன் பொண்டாட்டி இந்தப் புத்தகத்தைத்தான் திறந்து பார்ப்பா. தீட்டுன்னு போட்டிருந்தா அவ எந்த நாளைக்குக் கதவைத் திறப்பா?"

பிறகு தலைவர், குழுக்களில் எப்போதும் செய்வதைச் செய்தார். மாசு என்று போட்டு, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் தீட்டு என்றும் போடலாம், இரு தரப்புக்கும் திருப்தி என்றார். கைகள் உயர்ந்தன. சிவராமன் கை உயரவில்லை. மற்றவை போதுமானதாக இருந்தன. குறிப்பில் என் எதிர்ப்பையும் எழுதச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

திரும்பும் வழியெல்லாம் சாத்திய கடைகள். கரமனைப் பாலத்தருகே வந்ததும்தான் அவர் வாயைத் திறந்தார்.

"அம்மாட்ட இப்போ போய் என்னன்னு சொல்றது? நான் தப்பாச் சொல்லிட்டேன்னா?"

"அதேதான். வேற வார்த்தை தேட வேண்டாம். அதுக்கும் ஒரு கமிட்டி போட்டுராதீங்க."

வீட்டில் மாமி கிணற்றடியில் குழந்தைக்குத் தயிர்சாதம் ஊட்டிக்கொண்டிருந்தார். அவன் வாயைத் திறக்காமல், அந்த அறையைக் காட்டி, "தீத்து" என்றான். நான் என்னை அறியாமல், "சோறுதான் தீத்துறாங்களேடா, தின்னு" என்றேன்.

"சோறில்லை" என்றார் மாமி, பேரனின் சாமர்த்தியத்தைச் சொல்லும் பெருமையோடு. "அம்மா எங்கேன்னு கேட்டா அவன் அப்படித்தான் காமிக்கறான். அங்க போகாதே, தீட்டுன்னு நாம சொல்லிச் சொல்லி, அவளுக்கு அதுதான் பேருன்னு நெனைச்சுண்டிருக்கான். தீட்டு எங்கேடா? காமி?"

குழந்தை சிரித்துக்கொண்டு லலிதாவைக் காட்டினான். அவள் அறை வாசலில் நின்றிருந்தாள். அவளுக்கு இது முன்பே தெரியும் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பஸ்ஸில் வந்த முதல் நாள் நான் பிஸ்கட் நீட்டியது நினைவுக்கு வந்து எனக்கு உடம்பு கூசியது.

சிவராமன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேராகப் போய்க் குழந்தையைத் தூக்கினார்.

"அம்மா, நான் சொன்னது தப்பு. அது தீட்டே இல்லை. டாக்டர் சொன்ன அன்னிக்கே முடிஞ்சுபோச்சு."

"நீதானேடா பாதி..."

"தப்புன்னு சொல்றேனே!" என்று கத்தினார். அந்த வீட்டில் யாரும் அப்படிக் கத்திக் கேட்டதில்லை போலிருக்கிறது. பக்கத்து வீட்டுக் கதவு திறந்து மூடியது. அவர் கிணற்றடியைத் தாண்டிப் போய்க் குழந்தையை நீட்டினார்.

லலிதா உடனே வாங்கவில்லை. கை பாதி தூரம் வந்து நின்றது. வேதியியல் படித்தவள், அரை ஆயுள் கணக்கைத் தேர்வில் பிழையில்லாமல் போட்டவள், தன் கையைத் தானே புடவையில் துடைத்துக்கொண்டாள். அதைப் பார்த்தபோது வந்த கோபம் இன்னும் எனக்குத் தீரவில்லை. "வாங்குட்டி" என்று அதட்டினேன். வாங்கினாள். மாமி தயிர்சாதக் கிண்ணத்தைத் தரையில் வைத்து, அவள் பக்கமாக மெதுவாகத் தள்ளினார். கையில் கொடுக்க மனம் வரவில்லை, எடுத்துக்கொண்டு போகவும் மனம் வரவில்லை.

முதல் உருண்டையைக் குழந்தை வாங்கிக்கொண்டான். வாய் நிறையச் சோற்றோடு, அவள் கன்னத்தைத் தட்டி, அவளுக்கு அவன் வைத்திருந்த பெயரை ஆசையாகச் சொன்னான்:

"தீத்து."

லலிதா அடுத்த உருண்டையை உருட்டிக்கொண்டே, தலை நிமிராமல் என்னிடம் கேட்டாள்:

"இந்த வார்த்தைக்கு அரை ஆயுள் எத்தனைடி? உங்க கூட்டத்துல கேட்டுச் சொல்லு."